பன்றித்தோல் வறுவல்: ஓரம் உப்புகிறது, நடு கல்லாக நிற்கிறது. ஏன்?

அடுப்படி_அரசி

தோலை வேகவைத்து, கொழுப்பை வழித்து, காயவைத்துப் பொரித்தால் ஓரமெல்லாம் வெள்ளையாக நன்றாக உப்புகிறது. நடுவில் மட்டும் பழுப்பாக ஒரு திட்டு, பல் உடைகிற அளவுக்குக் கெட்டி. காயவைத்தது ஓவனில், 110 டிகிரி, 4 மணி நேரம். எண்ணெய்ச் சூடு போதவில்லையா, தோலிலேயே கோளாறா? பேலியோவுக்காக (தானியமும் சர்க்கரையும் தவிர்க்கிற உணவுமுறை) செய்வது, அதனால் சோளமாவு, அரிசிமாவு தடவச் சொல்லாதீர்கள். பாதித் துண்டுகள் இன்னும் பொரிக்காமல் இருக்கின்றன. அதையாவது காப்பாற்ற முடியுமா?

தராசுத்தட்டு

எண்ணெய்மேல் பழி போடாதீர்கள் அக்கா. வினை அந்த 110 டிகிரியில் இருக்கிறது.

அந்தச் சூட்டில் மேற்பரப்பு சீக்கிரமே இறுகி ஓடாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும். விரலால் தட்டினால் காய்ந்த சத்தம் வரும், ஆனால் நடு காய்ந்திருக்காது. ஓரம் மெல்லியது, இரண்டு பக்கமும் காய்ந்தது, அதனால் அது மட்டும் உப்புகிறது.

உப்புவதன் கணக்கு இதுதான். வெந்த தோலில் கொலாஜன் (தோலில் இருக்கும் முக்கியப் புரதம்) பெரும்பாலும் ஜெலட்டினாக மாறியிருக்கும். ஜெலட்டின் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும். சூடான எண்ணெயில் விழுந்ததும் சில விநாடிகளுக்கு இளகும். அதே சமயம் உள்ளே மிச்சமிருக்கும் துளித்தண்ணீர் ஆவியாகி அதை ஊதும். ஆவி வெளியேறியதும் ஊதின வடிவத்திலேயே மறுபடி இறுகிவிடும். எல்லாம் கால் நிமிடத்தில் முடிகிற வேலை. தண்ணீர் அதிகமாக இருந்தால் சுவர் இறுகாது, எடுத்ததும் அமுங்கிப்போகும் அல்லது ரப்பராக நிற்கும். தண்ணீர் அறவே இல்லையென்றால் ஊதுவதற்கு ஆவியே இருக்காது. காய்ந்த துண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் நிற்க வேண்டும், அதுவும் ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவாக.

பொரிக்காத துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, ஒரு முழு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். நடுவில் உள்ள ஈரம் மெல்ல ஓரத்துக்குப் பரவும். மறுநாள் 70 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் காயவைத்து, ஒரு துண்டைப் பொரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும்.

அடுத்த முறை தொடக்கத்திலிருந்தே 70 முதல் 80 டிகிரி, 8 முதல் 10 மணி நேரம், விசிறி ஓட வேண்டும். ஓவனில் அவ்வளவு குறைவாக வைக்க முடியாவிட்டால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவிடுங்கள். சூடும் குறையும், ஈரக்காற்றும் வெளியே போகும்.

அடுப்படி_அரசி

நன்றி தம்பி. காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடிகாரத்தை மட்டும் நம்பலாமா?

தராசுத்தட்டு

கடிகாரத்தை நம்பவே கூடாது. தோலின் தடிப்பு துண்டுக்குத் துண்டு மாறும். தட்டோடு சேர்த்து எடை போடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். எடை கிட்டத்தட்ட அப்படியே நின்றால் போதும். கண்ணுக்கு அடையாளம்: வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும், வெள்ளைத் திட்டு எங்கும் தெரியக்கூடாது. வளைத்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும்.

நெய்க்கிண்ணம்

புதிதாகச் செய்கிறவர்களுக்காக முழுமுறையையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். 1 கிலோ தோலுக்கான கணக்கு.

தோலைக் கழுவி, கை அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இப்போதே சின்னத் துண்டாக்கினால் பின்னால் கொழுப்பு வழிக்கக் கை நிற்காது. பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 50 மில்லி வினிகர். வினிகர் வாடையைக் குறைக்கத்தான், உப்புவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தோல் மிதக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கிவையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, லேசாகக் குமிழி வரும் நிலையில் ஒன்றரை மணி நேரம். வயிற்றுத் தோல் மெல்லியது, ஒரு மணி நேரத்திலேயே ஆகிவிடலாம். முதுகுத் தோல் இரண்டு மணி நேரம்கூடக் கேட்கும்.

பதம்: கரண்டி விளிம்பால் அழுத்தினால் வெட்டுப்பட வேண்டும், ஆனால் இடுக்கியால் தூக்கினால் பிய்ந்து விழக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சின்னது. கடைசி அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

எடுத்துத் தட்டில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் 2 மணி நேரம். பிறகு கொழுப்பு வழித்தல், வெட்டுதல், காயவைத்தல், பொரித்தல். காய்ந்தபின் கையில் நிற்பது முதலில் எடுத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. தோலில் கொழுப்பு எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதைப் பொறுத்தது.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாக உறையும், மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

குக்கர்விசில்

ஒன்றரை மணி நேரம் கேஸ் எரிக்கணுமா பாஸ்? குக்கரில் 20 நிமிஷத்தில் முடியாதா?

நெய்க்கிண்ணம்

முடியும். தண்ணீர் தோலை மூட வேண்டும், பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, பிரஷர் வந்தபின் 15 முதல் 20 நிமிடம், பிறகு தானாக இறங்கவிட வேண்டும். ஆபத்து என்னவென்றால் நடுவில் திறந்து பதம் பார்க்க முடியாது. 5 நிமிடம் கூடினாலும் தோல் குழைந்து அடியில் ஒட்டும். குழைந்த தோலை வழிக்கும்போது கொழுப்போடு தோலும் சேர்ந்து வரும். முதல் தடவை செய்கிறவர் திறந்த பாத்திரத்திலேயே செய்யட்டும்.

கத்திமுனை

கொழுப்பு வழிப்பதைப் பற்றி ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள் நெய்க்கிண்ணம். பாதிப்பேர் தோற்பது அங்கேதான்.

கொழுப்பு ஒட்டியிருக்கும் பக்கத்தில் ஈரம் வெளியேறாது. ஓவனில் அது உருகி வழிந்து பக்கத்துத் துண்டுகளையும் பூசிவிடும். பொரிக்கும்போது அந்த இடம் உப்பாமல் கெட்டியாக நிற்கும். போதாததற்கு வைத்திருக்கும்போது சிக்கு வாடை அடிப்பதும் அந்தக் கொழுப்புதான். அக்காவின் 'நடுக் கல்'லில் பாதி இதனாலும் இருக்கலாம், பின்பக்கம் வெள்ளையாகப் பிசுபிசுப்பு இருக்கிறதா பாருங்கள்.

குளிர்ந்த தோலைப் பலகையில் விரித்து, ஒரு முனையை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகால் அல்லது விளிம்பு கூர்மையான ஸ்பூனால் உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கத்தி வாயைப் பயன்படுத்தினால் தோல் கிழியும். கொழுப்பு போனபின் கீழே லேசாகச் சாம்பல் கலந்த, வலைப்பின்னல் மாதிரி ஒரு பரப்பு தெரியும். அதுதான் எல்லை. வழித்தபின் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பு மிஞ்சும். பிறகு காகிதத் துண்டால் அழுத்தித் துடையுங்கள்.

மயிர் இருந்தால் வேகவைக்கும் முன்பே தீயில் காட்டிப் பொசுக்கி, கருகலைச் சுரண்டிக் கழுவுங்கள். மிஞ்சிய அடிமயிரை வெந்தபின் சாமணத்தால் பிடுங்கலாம், தோல் இளகியிருப்பதால் எளிதாக வரும். காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

வெட்டுவதும் குளிர்ந்த நிலையில்தான். கத்திரிக்கோல் நல்லது. 2 செண்டிமீட்டருக்கு 4 செண்டிமீட்டர் பட்டை போதும். சின்னதாகத் தெரியும், பொரிந்தால் பல மடங்கு பெருக்கும். காய்ந்தபின் வெட்டலாம் என்று நினைத்தால் சுத்தியல்தான் தேவைப்படும்.

சோடா_சேகர்

தண்ணீரில் சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், நன்றாக உப்பும் என்கிறார்களே?

கத்திமுனை

சீக்கிரம் குழையும் என்பது சரி. குழைவது நமக்கு வேண்டாததாயிற்றே. அதிகம் போனால் சோப்பு ருசி வேறு. தேவையில்லை தம்பி.

இருமுறைப்பொரியல்

வேகவைத்துக் காயவைக்கும் முறையை மட்டுமே பேசுகிறீர்கள். தொழிற்சாலைகளில் இன்னொரு வழி உண்டு: தோல் துண்டுகளைப் பன்றிக்கொழுப்பிலேயே குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் போட்டு ஈரத்தை இறக்கிவிடுவார்கள். அதில் கிடைக்கிற கெட்டித் துண்டைத்தான் பிறகு அதிகச் சூட்டில் ஊதவைப்பது. வீட்டிலும் செய்யலாம். வழித்த கொழுப்பை வீணாக்க வேண்டியதும் இல்லை.

வழித்தெடுத்த கொழுப்பைப் பொடியாக நறுக்கி, கால் கப் தண்ணீர் விட்டு, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உருக்கி வடிகட்டுங்கள். தோல் மூழ்குகிற அளவுக்கு வேண்டும், போதாவிட்டால் எண்ணெய் சேருங்கள். 110 முதல் 120 டிகிரிக்குள் நிறுத்தி, தோலைப் போட்டு, அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் நிறையக் குமிழி வரும், போகப் போகக் குறையும். துண்டு சுருங்கி, தேன் நிறமாகி, மேலே கடுகளவு கொப்புளங்கள் எழுந்ததும் எடுத்துவிடலாம். ஆறவைத்து, மூடிவைத்து, பிறகு 200 டிகிரியில் ஊதவைப்பது.

ஓவன் முறையில் காய்ந்த துண்டு சற்று ஈரமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தாலும் இதே 120 டிகிரிக் குளியலை ஒரு 20, 30 நிமிடம் கொடுத்தால் போதும். ஈரம் சமமாகும்.

தராசுத்தட்டு

முறையை மறுக்கவில்லை அண்ணா. ஆனால் அடுப்பில் 115 டிகிரியை 2, 3 மணி நேரம் பிடித்துவைப்பது எல்லோராலும் ஆகாது. 140க்கு ஏறிவிட்டால் பாதி உப்பி, பாதி கருகி, இரண்டும் கெட்டானாக நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஓவனோ டீஹைட்ரேட்டரோதான் (உணவை உலர்த்தும் கருவி) நல்லது. ருசி கேட்டால் உங்கள் முறைக்குத்தான் என் ஓட்டு.

அடுப்படி_அரசி

பொரிக்கிற எண்ணெய் எது, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இருமுறைப்பொரியல்

சூடு 195 முதல் 205 டிகிரி. பன்றிக்கொழுப்பு 190 டிகிரி அளவிலேயே புகையத் தொடங்கிவிடும், அதனால் இரண்டாம் கட்டத்துக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய். செக்கில் ஆட்டினது வேண்டாம், அதுவும் சீக்கிரம் புகையும்.

ஆழமான, கனமான பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். 1 லிட்டருக்கு ஒரு நேரத்தில் 5, 6 துண்டு. அதிகம் போட்டால் சூடு சட்டென்று 170க்கு இறங்கும். அங்கே ஈரம் மெதுவாக வெளியேறிவிடும், ஊதாது. துண்டு சின்னதாக, எண்ணெய் குடித்து, கடித்தால் நறநறவென்று இருக்கும். அதைத் திருப்பி நல்ல சூட்டில் போட்டாலும் பயனில்லை, ஊத வேண்டிய தண்ணீர் போய்விட்டது.

போட்டதும் துண்டு மூழ்கும். நாலைந்து விநாடியில் முறுக்கிக்கொண்டு மேலே வந்து உப்பத் தொடங்க வேண்டும். ஜல்லிக்கரண்டியால் எண்ணெய்க்குள் அமுக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் மிதக்கிற பக்கம் உப்பாமல் போகும். உப்புவது நின்றபின் இன்னும் 5 விநாடி, பிறகு எடுக்க வேண்டியது. மொத்தம் 15 முதல் 30 விநாடி. நிறம் மாறும்வரை காத்திருந்தால் கசக்கும்.

கம்பி வலைமேல், கூடுமானவரை நிற்கிற மாதிரி வையுங்கள். குழிவில் தேங்கும் எண்ணெய் வடிந்துவிடும். காகிதத்தில் குவித்தால் அடியில் இருப்பது ஆவியில் நமுத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை. ஈரம் அடைபட்ட துண்டு எண்ணெயில் வெடிக்கும், கையில் தெறிக்கும். முதல் துண்டைத் தனியாகப் போட்டுச் சோதித்துவிட்டு மற்றதைப் போடுங்கள். மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

எண்ணெய்வேண்டாம்

ஏர் ஃபிரையரில் செய்தவர்கள் உண்டா? மைக்ரோவேவில்?

தராசுத்தட்டு

ஏர் ஃபிரையரில் சூடு காற்று வழியாகப் போவதால் எண்ணெய் அளவுக்கு வேகமாக ஏறாது. 200 டிகிரி, முன்கூட்டியே சூடாக்கி, ஒற்றை அடுக்கு, 5 முதல் 8 நிமிடம். உப்பும், ஆனால் அடர்த்தியாகவும் ஒரே சீராக இல்லாமலும் இருக்கும். கடிக்க நன்றாகவே இருக்கும், எண்ணெயில் பொரித்த அந்த லேசான நுரை அமைப்பு மட்டும் வராது. துண்டைச் சிறிதாக வெட்டினால் பலன் கூடும்.

மைக்ரோவேவ் இதற்கு உண்மையிலேயே நல்ல கருவி, ஏனோ பலர் கவனிப்பதில்லை. அது துண்டுக்குள் இருக்கும் தண்ணீரையே நேராகச் சூடாக்குகிறது, நமக்கு வேண்டியதும் அதுதானே. காகிதத் துண்டின்மேல் 6, 7 துண்டு, இடைவெளி விட்டு, முழு சக்தியில் ஒன்றரை நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். சத்தம் நின்றதும் அணைத்துவிட வேண்டும். நடுவில் கருகினால் சக்தியைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். உப்பு ஒட்ட ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டியிருக்கும்.

குக்கர்விசில்

உப்பு, காரம் எப்போது? மேலே ஒட்டாமல் டப்பா அடியில் கொட்டிக்கிடக்கிறது.

நெய்க்கிண்ணம்

எண்ணெயிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு மேற்பரப்பு காய்ந்துவிடும், எதுவும் ஒட்டாது. உப்பை மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள், கல்லுப்பும் தூளுப்பும் உருண்டுவிடும். 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் உப்பு தாராளம். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அந்த இடம் உடனே நமுக்கும், புளிப்பு வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலத் தூள் ஒரு சிட்டிகை. மிளகாய்த்தூளைப் பொரிக்கும் முன் தடவாதீர்கள், 200 டிகிரியில் கருகும்.

கொழுப்புக்கணக்கு

மசாலா விஷயத்தில் பேலியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தோலில் மாவுச்சத்து பூஜ்யம். ஆனால் பாக்கெட் மசாலாவிலும் வினிகர் தூளிலும் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுப்பொருளிலிருந்து எடுக்கிற தூள்), சர்க்கரை, சோளமாவு இவற்றில் ஏதாவது ஒன்று இருப்பது வழக்கம். பின்பக்கம் படித்துப் பாருங்கள். பூண்டுத்தூள்கூட எடையில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். 100 கிராம் வறுவலுக்கு 2 கிராம் தூவினால் சுமார் ஒன்றரை கிராம் சேரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்வேண்டாம்

100 கிராமில் 60 கிராம் புரதம் என்று எல்லாப் பட்டியலிலும் போட்டிருக்கிறதே. அப்படியென்றால் முட்டை, கறிக்குப் பதிலாக இதையே ஒரு வேளை சாப்பாடாக வைத்துக்கொள்ளலாமே?

கொழுப்புக்கணக்கு

வேண்டாம். எண்ணிக்கை சரிதான்: 100 கிராமில் புரதம் 61 கிராம் அளவு, கொழுப்பு 31 கிராம் அளவு, சுமார் 540 கலோரி. ஆனால் அந்தப் புரதம் பெரும்பாலும் கொலாஜன். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபான் கொலாஜனில் கிடையாது. முட்டையோ கறியோ கூட இருந்தால் பரவாயில்லை, அவற்றுக்கு மாற்று ஆகாது. 28 கிராமில் 150 கலோரி சொச்சம். நொறுக்குத்தீனிக்கு அதுவே அளவு. உப்பும் கூடுதல்: நெய்க்கிண்ணம் சொன்ன ஒன்றரை கிராம் உப்பில் சோடியம் சுமார் 600 மில்லிகிராம். இரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் உப்பைப் பாதியாக்கி மிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுப்படி_அரசி

தம்பி சொன்னபடி டப்பாவில் மூடிவைத்து மறுபடி 70 டிகிரியில் காயவைத்த துண்டுகள் நடுவிலும் உப்பிவிட்டன. இரண்டு, மூன்று மட்டும் பழையபடி. அவற்றின் பின்பக்கம் கத்திமுனை சொன்ன அதே வெள்ளைப் பிசுபிசுப்பு. சரி, மீதியை எப்படி வைத்திருப்பது?

கத்திமுனை

பொரிக்காமல் வையுங்கள். காய்ந்த துண்டு காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும், ஃபிரீசரில் சில மாதம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் மேலே பனி படியாது. அந்தப் பனியே எண்ணெயில் தெறிக்கப் போதும்.

பொரித்தது நன்றாக ஆறியபின் டப்பாவில், உணவுக்கென்று வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு. நமுத்தால் ஓவனில் 150 டிகிரி, 5 நிமிடம். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிட்டால் ஓவன் ஒன்றும் செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

நெய்க்கிண்ணம்

உடைந்த தூளையும் சரியாக உப்பாத ஓரங்களையும் மிக்ஸியில் பல்ஸ் விட்டு ரவைப் பதத்தில் எடுத்துவையுங்கள். கறி, மீன் பொரிக்கும்போது ரொட்டித்தூளுக்குப் பதில் இதுதான். அடித்த முட்டையில் முக்கி, தூளில் புரட்டி, 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துப் பொரித்தால் உதிராது. தூளில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கறியில் குறைத்துப் போடுங்கள். ரொட்டித்தூளை விடச் சீக்கிரம் சிவக்கும், 170 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

குக்கர்விசில்

பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

இருமுறைப்பொரியல்

சூடு ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, இருட்டான இடத்தில் மூடிவைத்தால் இன்னும் ஒன்றிரண்டு முறை. அடியில் கருகிய துகள் இருந்தால் அதோடு வைக்காதீர்கள். 200 டிகிரிக்கு முன்பே புகைந்தாலோ, மேலே நுரை அடங்காமல் நின்றாலோ அந்த எண்ணெய் முடிந்தது. சிங்க்கில் ஊற்றாதீர்கள், பன்றிக்கொழுப்பு கலந்தது குழாயில் உறைந்து அடைக்கும்.